நாற்பத்து நாலாவது ஃபாரம்

நான் பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் நம்பமாட்டீர்கள். "ஆமாம்" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். மற்றதெல்லாம் எங்கள் சரோஜினி நகர்க்காரர்கள் தாங்களாகவே செய்துகொண்டது.

1982 டிசம்பர். டில்லியில் ஐ.டி.ஓ. பக்கத்தில் கிராம வளர்ச்சியை ஆராய்வதற்கென்று ஒரு நிலையம் இருந்தது. அங்கே நான் ஏழு வருஷமாக ஆராய்ச்சி உதவியாளர். ஏழு வருஷத்தில் ஒரு கிராமத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. ஆண்கள் வெளியூர் போய்ச் சுற்றிவிட்டுப் பெட்டி பெட்டியாக ஃபாரங்களைக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டுவார்கள். நான் உட்கார்ந்து 'அத்தியாயம் மூன்று: மக்களின் வாழ்க்கை முறை' எழுதுவேன். குடிநீருக்காக இவர்கள் மூன்று கிலோமீட்டர் நடக்கிறார்கள் என்று உருக்கமாக ஒரு வரி எழுதிவிட்டு, கேன்டீனுக்கு டீ குடிக்கப் போவேன்.

வாய்ப்பு வராமல் இல்லை. பஸ்தர் வந்தது, கட்ச் வந்தது, ஸ்பிதிகூட வந்தது. ஒவ்வொரு தடவையும் வீட்டில் என் மாமியார் அனந்தலக்ஷ்மி ஒரே கேள்விதான் கேட்பார். "சேஷனுக்கு யாருடி டிபன் கட்டுவா?" என் கணவர் சேஷன் மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் அசிஸ்டென்ட். ஃபைலில் எதையும் ஆதரிக்காமல், எதையும் எதிர்க்காமல், 'பார்வையிட்டேன்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டே பதினாலு வருஷத்தை ஓட்டியவர். வீட்டிலும் அப்படித்தான். அம்மா கேட்பார், இவர் பார்வையிடுவார், பஸ்தருக்கு வேறு யாராவது போவார்கள்.

அந்த டிசம்பரில் எங்கள் டைரக்டர் டாக்டர் மெஹ்ரோத்ரா என்னைக் கூப்பிட்டார். லட்சத்தீவில் ஒரு சின்னத் தீவு. வீடு வீடாகப் போய் அங்கே என்ன வளர்ந்திருக்கிறது, என்ன வளரவில்லை என்று கேட்டு எழுத வேண்டும். ஏழு வாரம். அங்கே பெண்களிடம் ஆண்கள் போய்ப் பேச முடியாது.

"உனக்கு மலையாளம் வருமில்லையா? மதராஸுக்குப் பக்கம்தானே" என்றார். டில்லிக்காரர்களுக்கு விந்திய மலைக்குத் தெற்கே எல்லாம் பக்கம்தான்.

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தத் தடவையும் வீட்டில் கேட்டு முடியாது என்றால் பரவாயில்லை, ருக்மிணி. இனிமேல் கேட்கமாட்டேன். உன்னைச் சங்கடப்படுத்துவானேன்?"

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. வீடு திரும்பும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இது போனால் ஓய்வு பெறும்வரை அத்தியாயம் மூன்றுதான் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

மாமியார் அடுக்களையில் இருந்தார். குக்கர் இரண்டாவது விசிலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. டில்லி வாய்களில் லட்சத்தீவின் இந்திப் பெயர் எப்படித் தேய்ந்து வருமோ அப்படியே நானும் சொன்னேன்.

"அம்மா, ஆபீஸ்ல என்னை லக்ஷ்தீப் போகச் சொல்றா."

குக்கர் அலறியது. அது அடங்கியதும் மாமியார் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது.

"லக்ஷதீபமா?"

கோயில்களில் லட்சம் விளக்கு ஏற்றுவார்களே, அந்த லக்ஷதீபம். ஊர் ஊராக எண்ணெயும் திரியும் கொடுத்தனுப்பி, பெயர் சொல்லி ஏற்றச் சொல்வார்களே, அது. தீபம் இல்லை அம்மா, தீவு என்று சொல்ல எனக்கு அரை நொடி இருந்தது. தீவு என்றால் கடல். கடல் என்றால் கப்பல். அங்கே மீன் வேறு. அரை நொடியில் எல்லாவற்றையும் எடை போட்டேன்.

"ஆமாம்" என்றேன்.

"ஆபீஸ்லயே அனுப்பறாளா? இந்த கவர்ன்மென்ட்டுக்கு இப்பவாவது புத்தி வந்துதே. போய்ட்டு வாடிம்மா. எத்தனை நாள்?"

"ஏழு வாரம்."

"ஒரு மண்டலமே ஆயிடுமே. அச்சா. பேஷாப் போ."

"அவருக்கு டிபன்?"

"டிபன் என்ன பெரிய டிபன்? நான் இல்லையா?"

ஏழு வருஷமாக இவர் இருந்துகொண்டுதான் இருந்தார் என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை. கூடத்தில் சேஷன் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். அவருக்கு பூகோளம் தெரியும். பேப்பரை மறுபடி உயர்த்திக்கொண்டார். பார்வையிட்டாகிவிட்டது.

மறுநாள் காலை கீரை வாங்கப் போன மாமியார், கீரைக்கார பையா நிறுத்து முடிப்பதற்குள் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டார். மத்தியானம் எதிர்வீட்டுக் காமாக்ஷி மாமி எண்ணெய்க் குப்பியோடு வந்தாள். சாயங்காலத்துக்குள் வாசலில் பதினொரு ஜோடிச் செருப்பு. எல்லோருக்கும் அவரவர் பேரில் ஒரு விளக்கு ஏற்ற வேண்டும். பெயர், நட்சத்திரம், கோத்திரம், வேண்டுதல் எல்லாம் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுத வீட்டில் காகிதம் என்று இருந்தது, நான் தீவுக்குக் கொண்டுபோக எடுத்து வைத்திருந்த சர்வே ஃபாரங்கள்தான். பின்பக்கத்தில் எழுதலாம் என்று ஒன்றை எடுத்தேன். காமாக்ஷி மாமியின் கண் அச்சடித்த கட்டங்களில் விழுந்தது.

"ஃபாரமே இருக்கா? அப்போ ஏன்டி பின்னாடி எழுதறே? முறையா எழுது."

"மாமி, இது வேற..."

"ஒரு கட்டத்தையும் விடாதே" என்றார் மாமியார். "ஒண்ணு காலியா இருந்தாலும் ஃபாரம் திரும்பி வந்துடும். நாம பாக்காததா?"

அத்தனை பேரும் மத்திய அரசுக் குடும்பங்கள். பகவானிடம் வாயால் கேட்டால் அவர் மறந்துவிடலாம். எழுத்து மூலமாகக் கேட்டால் அவராலும் தப்ப முடியாது என்பதில் அங்கே இரண்டு கருத்து இல்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கேட்க ஆரம்பித்தேன்.

"சமூகம்?"

"பாரத்வாஜ கோத்ரம்."

"நிலம் எத்தனை ஏக்கர்?"

"ரெண்டாவது மாடில ரெண்டு ரூம்."

"கால்நடை உண்டா?"

"உண்டே. பஸ் ஸ்டாப் வரைக்கும் தெனம் கால்நடைதான்."

உண்டு என்று எழுதினேன். அன்று நான் இருந்த சந்தோஷத்தில் எதை வேண்டுமானாலும் எழுதியிருப்பேன்.

இருபத்தேழாவது கேள்விதான் கடைசி. 'அரசிடமிருந்து எதிர்பார்ப்பது என்ன?' காமாக்ஷி மாமி கொஞ்சம் யோசித்தாள். "அரசுன்னா ராஜா. லோகத்துக்கே ராஜா அவர்தானே. சரியாத்தான் கேட்டிருக்கா. எழுதிக்கோ, காஸ் கனெக்ஷன்."

மூன்று நாளில் நாற்பத்து மூன்று குடும்பம். காஸ் பதினொன்று. எட்டு வருஷமாகப் புக் செய்து காத்திருந்த ஸ்கூட்டர் ஒன்பது. முறை வருவதற்கு முன்பே பெரிய குவார்ட்டர்ஸ் ஆறு. மெட்ராஸுக்கு மாற்றல் மூன்று. ஒருத்தி, தன் புருஷன் இந்திப் பரீட்சையில் இந்தத் தடவையாவது பாஸ் பண்ண வேண்டும் என்று கண் கலங்கினாள்.

நான் கிளம்புகிற அன்று மாமியார் ஒரு ஃபாரத்தை மடித்து, சேஃப்டி பின் குத்தி, ஃபாரக் கட்டுக்குள் சொருகினார். "நானும் ஒண்ணு எழுதியிருக்கேன். பகவான் படிச்சாப் போறும். நீ படிக்காதே."

நாற்பத்து நாலு.

கொச்சி வரை ரயில், பிறகு கப்பல். கப்பலில் மூன்று தடவை வாந்தி எடுத்தேன். மூன்று தடவையும், வாயைத் துடைத்துக்கொண்டு, நான் கப்பலில் வாந்தி எடுக்கிறேன் என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அத்தியாயம் மூன்றில் யாரும் வாந்தி எடுப்பதில்லை.

தீவைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் நான் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். நான் மலையாளம் என்று பேசியதை அவர்கள் மலையாளம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் பேசியது மலையாளம் என்று எனக்கும் தோன்றவில்லை. முதல் வாரம் இரண்டு தரப்பும் சிரித்தே சமாளித்தோம். நான் தங்கிய வீட்டுக்காரி குஞ்ஞிபீ, என் வயதுதான். வாசலில் உட்கார்ந்து தேங்காய் நாரைக் கயிறாகத் திரித்துக்கொண்டே என் கேள்விகளைத் திருத்திக் கொடுப்பாள். "இப்படிக் கேட்டால் எந்த வீட்டில் பதில் சொல்வார்கள்?" என்று அதட்டுவாள். அவள் சொன்னபடி கேட்டதில் நூற்று அறுபத்தெட்டு வீடு முடித்தேன்.

எல்லோருடைய குப்பியையும் ஊற்றிச் சேர்த்துக் கொண்டுவந்த எண்ணெய் டின் அறை மூலையில் இருந்தது. கொட்டிவிட மனம் வரவில்லை. நாற்பத்து நாலு பேரும் நம்பிக் கொடுத்தது. ஊர் ஜெனரேட்டர் பொழுது சாய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் முனகத் தொடங்கும். அந்த இடைவெளிக்கு வெளிச்சம் வேண்டியிருந்ததால் குஞ்ஞிபீ தேங்காய்ச் சிரட்டைகளைக் கொடுத்தாள். தினம் சாயங்காலம் வாசலில் விளக்கு வைத்து, ஃபாரத்தைப் பார்த்துப் பெயர்களைப் படித்தேன். என் தெருக்காரர்கள் என்றேன். ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டுமாம் என்று அவள் கேட்டாள். ஸ்கூட்டர் என்றதும் தீவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

பின் குத்திய ஃபாரத்தைக் காட்டினாள். "இது?"

"மாமியாருடையது. படிக்கக் கூடாது."

 அவள் அந்த ஃபாரத்துக்கு வைத்த விளக்கைக் காற்று அணைக்காமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள்.

கடைசி நாள் அவளுடைய ஃபாரத்தைப் பூர்த்தி செய்தேன். மழைக்காலத்தில் கப்பல் வராது, அந்த மாதங்களில் தீவில் ஒரு டாக்டர் வேண்டும் என்றாள். முக்கால்வாசி வீடுகளிலும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். நான் பேனாவை மூடும்போது, "எழுதிக்கொண்டு போகிறாயே, மேலே என்ன நடக்கும்?" என்று கேட்டாள். ஏழு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.  அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன்.

பிரசாதமாக என்ன கொண்டுபோவது என்ற கவலையையும் அவளே தீர்த்தாள். தேங்காயும் வெல்லமும் சேர்த்துக் கிண்டிய அல்வா, இலையில் பொதிந்து கூடை நிறைய. சரோஜினி நகரில் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். மூன்றே வாரத்தில் காமாக்ஷி மாமிக்கு காஸ் கனெக்ஷன் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் தெருவில் இறங்கினால் முன்பின் தெரியாத மாமிகள்கூடக் கை கூப்பினார்கள். ஒவ்வொரு கும்பிடுக்கும் எனக்கு வியர்த்தது.

ஃபாரங்களை எண்ணி அட்டவணை போடுவது செல்வராஜ் வேலை. திருநெல்வேலிக்காரர், கணக்கில் புலி. யார் என்ன சொன்னார் என்பது வெளியே தெரியக்கூடாது என்பதால், பெயர், சமூகம் எல்லாம் எழுதிய முதல் தாளைக் கிழித்துத் தனியாக வைத்துவிட்டு, எண்ணை மட்டும் போட்டு வேலை செய்வது எங்கள் வழக்கம். ஊரிலிருந்து வந்த அலுப்பில் நான் பெட்டியிலிருந்த கட்டுகளை அப்படியே அவர் மேஜையில் வைத்தேன். அதில் எந்தக் கட்டும் சேர்ந்துவிட்டது என்று நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். நான் ஊகிக்கவில்லை.

ஏப்ரலில் கூட்டம். கூலரில் புதிதாக வைத்த வெட்டிவேர் தட்டிகள் மணந்தன. டாக்டர் மெஹ்ரோத்ரா மேஜைத் தலைப்பில். சுற்றிப் பதினாலு பேர்.

"இலக்கு நூற்றைம்பது. ருக்மிணி இருநூற்றுப் பன்னிரண்டு வீடு முடித்திருக்கிறாள்" என்று அவர் ஆரம்பித்ததும் எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டுத்தான், இருநூற்றுப் பன்னிரண்டா என்று யோசித்தேன்.

"தீவு மக்களின் விழிப்புணர்வு என்னை அசத்திவிட்டது. பதினொரு குடும்பங்கள் காஸ் இணைப்பு கேட்கின்றன. ஒன்பது குடும்பங்கள் ஸ்கூட்டர். ஆறு பேர் அரசுக் குடியிருப்பு. மூன்று குடும்பங்கள் மதராஸுக்கு மாற்றல் கேட்கின்றன. இது ஒரு புதிய குடிபெயர்வுப் போக்கு, அச்சா? ஒருவர் இந்திப் பரீட்சையில் தேற விரும்புகிறார்."

செல்வராஜ் இதற்கு வண்ணப் பென்சிலால் வரைபடமே போட்டிருந்தார். எனக்குக் காது அடைத்தது. எங்கள் தெருக்காரர்களின் கட்டும் அவர் மேஜைக்குப் போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"ஆனால் இதைக் கேளுங்கள்" என்று ஒரு தாளை எடுத்தார். "இருநூற்றுப் பன்னிரண்டாம் எண். இதை ருக்மிணி தமிழிலேயே குறித்திருந்தாள். செல்வராஜ் மொழிபெயர்த்திருக்கிறார். பெண். வயது அறுபத்தொன்று. தொழில், அடுக்களை. ஊரை விட்டு வெளியே போனதுண்டா? 'எங்கே போனாலும் அடுக்களைதான்.' எதிர்பார்ப்பது? 'ஒரு தடவை கப்பல் ஏற வேண்டும். கரை தெரியாத இடத்தில் நின்று பார்க்க வேண்டும். அங்கே யாரும் என்னிடம் டிபன் கேட்கக் கூடாது.'"



"கடலுக்கு நடுவில் பிறந்து, அறுபத்தொரு வயதுவரை கப்பல் ஏறாத ஒரு பெண்" என்றார் டாக்டர் மெஹ்ரோத்ரா. குரல் கரகரத்தது. "நம் அறிக்கையின் உயிர் இதுதான்."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. டிபன் என்ற சொல்லிலேயே அது யார் என்று தெரிந்துவிட்டது. பகவான் படிக்க வேண்டியதைப் பதினாலு பேர் கேட்டுவிட்டார்கள். பேசாமல் இருந்திருக்கலாம். எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் மறுபடி அத்தியாயம் மூன்று, ஆயுசுக்கும்.

அப்போது அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "மழைக்காலத்துக்கு டாக்டர் கேட்டவர்கள் நூற்று முப்பது. அறுபத்தொரு சதவீதம். மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டவில்லை, ஆகவே அவசரத் தேவைப் பட்டியலில் வராது. இரண்டாம் பட்டியலில் போடுவோம்."

எங்கள் காலனியின் காஸ் சிலிண்டர்கள் குஞ்ஞிபீயின் டாக்டரை அறுபத்தொன்றுக்கு இறக்கியிருந்தன. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"சார், அது எழுபத்தேழு சதவீதம். நூற்று அறுபத்தெட்டு வீடுதான். பாக்கி நாற்பத்து நாலும் சரோஜினி நகர்."

செல்வராஜ் பேனாவைக் கீழே போட்டார். "என்ன மேடம் சொல்லுதீங்க? எழுபது பர்சென்ட்டுக்கு மேல கால்நடை இருக்குன்னு எழுதியிருக்கேன்."

ஆரம்பத்திலிருந்து சொன்னேன். குக்கர், லக்ஷதீபம், எண்ணெய் டின், பாரத்வாஜ கோத்ரம், எல்லாம். பாதியில் யாரோ இருமினார்கள். பிறகு யாரோ தாங்க முடியாமல் வெடித்தார்கள். டாக்டர் மெஹ்ரோத்ரா மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபமா சிரிப்பா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

"நாற்பத்து நாலையும் எடுத்துவிடு" என்றார் கடைசியில். "டாக்டரை முதல் பட்டியலில் போடு. எழுத்து மூலம் விளக்கம் கொடு. அடுத்த சர்வேக்குப் போகும்போது வீட்டில் ஊர்ப் பெயரைத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போ." அடுத்த சர்வே என்றார். என் காதால் கேட்டேன்.

அந்த ஒற்றைத் தாளை என்னிடம் நீட்டினார். "இதற்கு நம்மிடம் பட்டியல் இல்லை. நீயே பார்த்துக்கொள்."

வீட்டில் மாமியார் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"அம்மா, அது தீபம் இல்லை. தீவு. நான் அன்னிக்குச் சொல்லலை. தப்புதான்."

கத்தி நின்றது. "அப்போ எண்ணெய்?"

"தெனம் ஏத்தினேன். எல்லார் பேரையும் படிச்சு."

"ஹூம்." இரண்டு பீன்ஸ் நறுக்கினார். "கப்பல்லயா போனே?"

"ஆமாம்."

"குமட்டித்தா?"

"மூணு தரம் வாந்தி."

"பரவால்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என் கையில் இருந்த தாளைப் பார்த்தார். பின் குத்திய துளைகள் தெரிந்தன. "படிச்சுட்டியா?"

"நான் படிக்கலை. டைரக்டர் படிச்சார். பதினாலு பேர் முன்னாடி."

சண்டை வரும் என்று காத்திருந்தேன். மாமியார் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். "என்ன சொன்னார்?"

"உயிரே இதுதான்னார். கண்ணே கலங்கிடுத்து அவருக்கு."

"கலங்கினா ஆச்சா? ஃபாரம் எழுதி வாங்கிண்டு போனேளே. மேல என்ன நடவடிக்கை?"

நாரைத் திரித்துக்கொண்டே குஞ்ஞிபீ கேட்ட அதே கேள்வி. அங்கே எனக்குப் பதில் இல்லை. இங்கே இருந்தது. திரும்பி, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சேஷனைப் பார்த்தேன்.

"ஏன்னா, நாலு வருஷத்துக்கு ஒரு தரம் சர்க்கார் செலவுல இந்தியால எங்க வேணும்னாலும் போகலாம்னு உங்களுக்கு எல்.டி.சி. இருக்கே. அதுல அம்மா பேர் இருக்கா?"

பேப்பர் மெதுவாகத் தாழ்ந்தது. "இருக்கு. உன் பேரும் இருக்கு. ஆனா..."

"அந்தத் தீவு இந்தியாலதானே இருக்கு?"

"இந்தியாலதான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். பதினாலு வருஷத்தில் அவர் தெளிவாகத் தெரிவித்த முதல் கருத்து.

"மழைக்கு அப்புறம், அக்டோபர்ல போலாம்மா. நீங்களும் நானும். குஞ்ஞிபீ ஆத்துல தங்கலாம்."

மாமியார் கண்ணில் நீரும் முகத்தில் சிரிப்புமாகப் பீன்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேஷன்தான் வாயைக் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் போய்ட்டா எனக்கு யாரு டிபன் கட்டுவா?"

ஏழு வருஷம் என்னைக் கட்டிப்போட்ட கேள்வி, இப்போது இன்னொருவர் வாயிலிருந்து வந்தது. மாமியார் நிமிர்ந்தார். என் பையிலிருந்து ஒரு வெற்று ஃபாரத்தை உருவி, மகனுடைய பேப்பரின் மேல் வைத்தார்.

"எழுதிக் கொடுடா. ஒரு கட்டத்தையும் விடாதே. பரிசீலிக்கறோம்."